மரபணுவும் சுண்டெலியும்

ஒரு குடும்பத்தில் ஒருவர் என்ன பணி செய்து வந்தார் என்பது, அவர் அங்கு இல்லாத பொழுதுதான் முழுமையாக விளங்கும். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வந்து குடியேறிய நாம் இதனை நன்கு அறிவோம். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் பிறவாமலே இருந்திருந்தால் அக்குடும்பம் எவ்வாறு இருந்திருக்கும் என்பது ஒரு கேள்வி. அவர் வளர்ந்து பொறுப்பேற்ற பின்னர், குறிப்பிட்ட ஒரு வேலையிலிருந்து மட்டும் விலகிக்கொண்டால் என்ன நேரும் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குக் கிடைக்கும் விடை பின்னதற்குப் பொருந்தாது.

உயிர்களின் உடலைப் பற்றிய ஆராய்ச்சியும் இவ்விரு கேள்விகளுக்கு இடையேதான் வளர்ந்து வந்திருக்கிறது. நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும், ஜீன் எனப்படும் மரபணுக்கள் 20,000 அளவில் அடங்கியுள்ளன. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுத்துக் கோவைகளைப் போல அவை அமைந்திருக்கின்றன. ஒரு மரபணு எதற்காக இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், அதனை நீக்கிவிட்டு என்ன குறைகிறது என்று பார்ப்பதே நேரான வழி. அவ்வாறு முழுவதுமாக நீக்குவதில் தொடங்கி, வேண்டிய உறுப்பில் மட்டும், வேண்டிய காலத்தில் மட்டும் நீக்கும் முறைக்கு விஞ்ஞானிகள் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதை இங்கு நாம் சிறிது ஆராய்வோம். இவ்வரலாற்றின் நாயகன் ஓர் எளிய உயிர். வீட்டு மூலைகளில் நாம் காணும் சுண்டெலிதான் அது.

சுண்டெலி ஆராய்ச்சிக்கூடத்திற்குள் புகுந்த கதையே சுவையானது. மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட பரம்பரை விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை, 1902-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு லூசியன் கேனோ சுண்டெலிகளின் உரோம நிறத்தைக் கொண்டு காட்டினார். அக்காலத்தில் அழகிய நிறங்களுள்ள எலிகளை வளர்ப்பது மேல்நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரான்பி என்னும் ஊரில், முன்னாள் பள்ளி ஆசிரியையான ஆபி லாத்ராப் என்ற அம்மையார் இத்தகைய எலிகளை வளர்த்து விற்று வந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வில்லியம் காஸில் தம் ஆராய்ச்சிக்கு அவரிடம் எலிகள் வாங்கினார். காஸிலின் மாணவராகிய கிளாரன்ஸ் குக் லிட்டில், 1909-ஆம் ஆண்டில் உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து, மரபணுக்களில் வேற்றுமையே இல்லாத ஒரு குலத்தை உருவாக்கத் தொடங்கினார். இவ்வாறு 20 தலைமுறை சென்ற பின்னர், அக்குலத்து எலிகள் யாவும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒத்திருக்கும். இன்று உலகெங்கும் பயன்படும் சி57 கருப்பெலிக் குலமும், லாத்ராப் அம்மையாரின் கூண்டுகளிலிருந்து வந்த 57-ஆம் எண்ணுள்ள ஒரு பெண்ணெலியின் வழித்தோன்றலே.

லிட்டில் 1929-ஆம் ஆண்டில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜாக்ஸன் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1947-ஆம் ஆண்டு அக்டோபரில் மூண்ட பெருந்தீயில் அந்நிலையமும் அதன் எலிகளும் அழிந்தன. ஆயினும், முன்பு அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த பிற நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவற்றின் சந்ததிகளைத் திருப்பி அனுப்பினர். நிலையம் மீண்டும் தழைத்தது. பொதுச் செல்வமாகப் பகிர்ந்தளித்ததே அழிவிலிருந்து காத்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

ஒரே மாதிரியான எலிகள் கிடைத்துவிட்டன. ஆனால் அவற்றில் நாம் விரும்பும் ஒரு மரபணுவை மட்டும் தேர்ந்து மாற்றுவது எப்படி? இதற்கு இரண்டு தனித்தனி ஆராய்ச்சிகள் ஒன்று சேர வேண்டியிருந்தது.

முதலாவது, கருவின் மூல உயிரணுக்களைப் பற்றியது. 1950-களில் ஜாக்ஸன் நிலையத்து லெராய் ஸ்டீவன்ஸ், 129 எனப்படும் எலிக்குலத்தில் ஒரு விந்தையான கட்டியைக் கண்டார். அதனுள் தசை, எலும்பு, உரோமம் என்று பலவகைத் திசுக்கள் முறையின்றிக் கலந்திருந்தன. எல்லா உறுப்பாகவும் மாறவல்ல உயிரணுக்கள் உண்டு என்பதற்கு இது சான்றாயிற்று. அத்தகைய உயிரணுக்களைக் கட்டியிலிருந்து அன்றி, நல்ல நிலையிலுள்ள இளங்கருவிலிருந்தே பிரித்தெடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கும் வித்தையை 1981-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் இவான்ஸும் மாத்யூ காஃப்மனும் கண்டனர். அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டின் என்ற அம்மையார் தனியாக இம்முடிவை எய்தினார். 1984-ஆம் ஆண்டில், இவ்வாறு வளர்த்த உயிரணுக்களை வேறொரு இளங்கருவில் செலுத்தினால் அவை அக்கருவோடு கலந்து வளர்ந்து, விந்தாகவும் முட்டையாகவும் மாறி, அடுத்த தலைமுறைக்கும் செல்லும் என்று கேம்பிரிட்ஜ் குழுவினர் காட்டினர். கிண்ணத்தில் செய்யும் மாற்றத்தை ஓர் உயிரின் பரம்பரையாக்க வழி பிறந்துவிட்டது.

இரண்டாவது ஆராய்ச்சி, குறித்த மரபணுவைக் குறித்த இடத்திலேயே மாற்றுவது. வெளியிலிருந்து ஒரு டி.என்.ஏ. துண்டை உயிரணுவுக்குள் செலுத்தினால், அது பெரும்பாலும் எங்கேனும் ஓரிடத்தில் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். மிக அரிதாக மட்டுமே, தன்னை ஒத்த எழுத்துக் கோவையைத் தேடிச் சென்று அதன் இடத்தில் அமரும். விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஸ்மிதீஸ், இரத்தத்தின் ஹீமோகுளோபின் மரபணுவில் பிழையுள்ள நோயாளர்க்கு அப்பிழையைத் திருத்த இயலுமா என்ற எண்ணத்தோடு இதனை ஆராய்ந்தார். மனித உயிரணுவில் அம்மரபணுவின் இடத்திலேயே புதிய துண்டைச் சேர்க்க முடியும் என்பதை 1985-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார்.

அதே நோக்கில் யூட்டா பல்கலைக்கழகத்தில் உழைத்தவர் மாரியோ கபெக்கி. அவர் 1937-ஆம் ஆண்டில் இத்தாலியின் வெரோனா நகரிற் பிறந்தவர். போர்க்காலத்தில் தாயைப் பிரிந்து, தெருக்களிலும் அனாதை விடுதிகளிலும் இளமையின் சில ஆண்டுகளைக் கழித்ததாக அவரே கூறியுள்ளார். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று கல்வி கற்றார். எலியின் உயிரணுவில் குறித்த மரபணுவை மாற்றும் திட்டத்திற்கு 1980-ஆம் ஆண்டில் அவர் அரசின் தேசியச் சுகாதார நிறுவனங்களிடம் பண உதவி கேட்ட பொழுது, அது கைகூடாத காரியம் என்று மதிப்பீட்டாளர்கள் ஒதுக்கினர். வேறு பணிகளுக்காகக் கிடைத்த பணத்தைக் கொண்டே அவர் இம்முயற்சியைத் தொடர்ந்தார். நான்கு ஆண்டுகள் சென்று வெற்றிக்குறி தென்பட்ட பின்னர் மீண்டும் விண்ணப்பித்தார். தங்கள் யோசனையை அவர் கேளாததே நல்லதாயிற்று என்ற கருத்தோடு, மதிப்பீட்டாளர்கள் இம்முறை இசைவு தந்தனர்.

1987-ஆம் ஆண்டில் கபெக்கியின் குழுவும் ஸ்மிதீஸின் குழுவும் தனித்தனியே, எலியின் கருமூல உயிரணுவில் ஒரே மரபணுவை இலக்காகக் கொண்டு மாற்றிக் காட்டின. கண்டபடி ஒட்டிக்கொண்ட ஏறத்தாழ ஆயிரம் உயிரணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் சரியான மாற்றம் நிகழ்ந்தது என்று கபெக்கி குழுவினர் கண்டனர். எனவே, தவறானவற்றை மருந்தினால் கொன்று சரியானவற்றை மட்டும் பிழைக்கச் செய்யும் ஒரு சல்லடை முறையை 1988-ஆம் ஆண்டில் வகுத்தனர். 1989-ஆம் ஆண்டில், இவ்வாறு மாற்றிய மரபணுவைப் பரம்பரையாகப் பெற்ற எலிகள் பல ஆராய்ச்சிக்கூடங்களில் பிறந்தன. குத்துச்சண்டையில் எதிரியை வீழ்த்துவதற்கு வழங்கும் சொல்லையே எடுத்து, இவற்றை ‘நாக் அவுட்’ எலிகள் என்றனர். 2007-ஆம் ஆண்டில் கபெக்கி, இவான்ஸ், ஸ்மிதீஸ் மூவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் இவ்வெற்றியோடு ஓர் இடர்ப்பாடும் உடன்வந்தது. பல மரபணுக்களை நீக்கிய பொழுது எலியே பிறக்கவில்லை, கருவிலேயே மடிந்துவிட்டது. பிற்காலத்தில் உலகளாவிய ஒரு கூட்டு முயற்சி இதனை எண்ணிக் கணக்கிட்டு, 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டது. முதலில் நீக்கிப் பார்த்த 1,751 மரபணுக்களில் 410 மரபணுக்கள், அவை இன்றி உயிர் பிழைக்க இயலாதவை என்று தெரிந்தது. கருவில் இதயம் உருவாவதற்கு உதவும் ஒரு மரபணு, முதுமையில் மூளையிலும் ஏதேனும் பணி செய்யலாம். ஆனால் கருவே மடிந்தபின் மூளையைப் பற்றி யாரைக் கேட்பது? எலி பிழைத்துப் பிறந்தாலும் குழப்பம் தீராது. உடல் முழுவதும் ஒரு மரபணு இல்லாத எலிக்கு நோய் கண்டால், அந்நோய் ஈரலிலிருந்து தொடங்கியதா, தசையிலிருந்து தொடங்கியதா, மூளையிலிருந்து தொடங்கியதா என்று பிரித்தறிய முடிவதில்லை. பிறவியிலிருந்தே இல்லாத ஒன்றை ஈடுசெய்ய உடல் வேறு வழிகளைப் பழகிக்கொள்வதும் உண்டு.

இதற்கு உதவி வந்த திசை எவரும் எதிர்பாராதது. பாக்டீரியா என்னும் நுண்ணுயிரையும் தாக்கி வாழும் வைரஸ்கள் உண்டு. அவற்றுள் பி1 என்ற ஒன்றை 1951-ஆம் ஆண்டில் கியூசெப்பே பெர்த்தானி கண்டெடுத்தார். இவ்வைரஸ் சிலவேளை பாக்டீரியாவைக் கொல்லாமல், அதனுள் ஒரு சிறு டி.என்.ஏ. வளையமாகக் குடியிருக்கும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும் பொழுது, இவ்வளையமும் இரட்டித்து இரு பாதிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். ஆனால் சிலவேளை இரு வளையங்களும் இணைந்து ஒரே பெரிய வளையமாகிவிடும். அப்பொழுது ஒரு பாதிக்கு வைரஸ் கிட்டாமற் போகும். இதனைத் தவிர்க்க, இணைந்த வளையத்தைச் சரியான இடத்தில் வெட்டி மீண்டும் இரண்டாக ஒட்டும் ஒரு புரதத்தை அவ்வைரஸ் தன்னிடமே வைத்திருக்கிறது. அப்புரதத்திற்குக் கிரீ என்று பெயர். அது வெட்டும் இடத்திற்கு லாக்ஸ் என்று பெயர். நாட் ஸ்டெர்ன்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடன் உழைத்தோரும் 1981-ஆம் ஆண்டளவில் இவற்றின் தன்மையைத் தெளிவுபடுத்தினர். சுண்டெலியைப் பற்றிய நினைவே இன்றி நடந்த ஆராய்ச்சி அது.

லாக்ஸ் என்னும் குறி 34 எழுத்துக்களால் ஆனது. இருபுறமும் பதின்மூன்று பதின்மூன்று எழுத்துக்கள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக அமைய, நடுவே எட்டு எழுத்துக்கள் இருந்து அக்குறியின் திசையைக் காட்டுகின்றன. டி.என்.ஏ.யின் எழுத்து வகை நான்கே. எனினும் 34 எழுத்துக்களை அடுக்கினால் உண்டாகும் கோவைகளோ எண்ணிலடங்கா. எலியின் டி.என்.ஏ. முழுவதும் ஏறத்தாழ 270 கோடி எழுத்துக்களே. ஆதலின் இக்குறி எலியிடம் தற்செயலாக அமைந்திருக்க இடமில்லை. நாம் எங்கே வைக்கிறோமோ அங்கு மட்டுமே இருக்கும். ஒரு மரபணுவின் இருபுறமும் இரண்டு குறிகளை ஒரே திசை நோக்கி வைத்தால், கிரீ வந்து இடைப்பட்ட பகுதியை வெட்டி எறிந்து, முனைகளை ஒட்டிவிடும். குறிகள் எதிரெதிர் நோக்கினால் இடைப்பட்ட பகுதி தலைகீழாகத் திரும்பும். கிரீ இல்லாத இடத்திலோ, குறிகள் இருந்தும் ஒன்றும் நேராது; மரபணு தன் வேலையை வழக்கம்போலச் செய்து வரும். இம்முறையின் உயிர்நாடி இதுதான்.

பாக்டீரியாவின் வைரஸுக்கு உரிய இக்கருவி உயர்ந்த உயிர்களின் உயிரணுவிலும் இயங்குமா என்ற கேள்விக்கு, டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பிரயன் சாவர் விடை கண்டார். 1987-ஆம் ஆண்டில் ஈஸ்ட் என்னும் காடியிலும், 1988-ஆம் ஆண்டில் பாலூட்டிகளின் உயிரணுவிலும் அது இயங்குவதைக் காட்டினார். 1992-ஆம் ஆண்டில், உயிருள்ள எலியின் உடலிலேயே, தேர்ந்த திசுவில் மட்டும் கிரீயை இயக்க முடியும் என்று இரு குழுவினர் மெய்ப்பித்தனர்.

இவ்விழைகள் யாவும் ஒன்றாகப் பின்னப்பட்ட இடம் ஜெர்மனியின் கொலோன் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கிளாவுஸ் ராயெவ்ஸ்கி என்ற பேராசிரியர், நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களை ஆராய்ந்து வந்தார். டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் ஒரு புரதத்திற்கான மரபணுவை முழுவதும் நீக்கினால் எலிக்கரு மடிந்தது. எனவே, ஹுவா கூ முதலான உடனுழைப்பாளரோடு சேர்ந்து, அம்மரபணுவின் ஒரு பகுதிக்கு இருபுறமும் லாக்ஸ் குறியிட்ட எலியை அவர் உருவாக்கினார். டி-உயிரணு எனப்படும் வெள்ளணுவில் மட்டும் கிரீ உண்டாகும் எலியை, கனடாவின் வான்கூவரில் ஜேமி மார்த்தின் குழுவினர் உருவாக்கியிருந்தனர். இரண்டையும் இணைத்துப் பெற்ற குட்டிகள் நலமாகப் பிறந்தன. அவற்றின் டி-உயிரணுக்களில் மட்டும் அம்மரபணு நீங்கியிருந்தது. 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவே, இடம் குறித்து மரபணுவை நீக்கும் முறைக்கு முதற்படி எனலாம்.

இதில் எலி வளர்ப்போரின் கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகளாக இருக்கும். இரு படிகளிலும் குறி இருந்தால்தான் மரபணு முழுமையாக நீங்கும். ஆகவே, இரு படிகளிலும் குறியுள்ள எலியைக் கிரீ எலியோடு முதலில் சேர்க்க வேண்டும். பிறக்கும் குட்டிகளில் ஒரு படியில் குறியும் கிரீயும் உள்ளவற்றைத் தேர்ந்து, மறுபடியும் இரு படிகளிலும் குறியுள்ள எலியோடு சேர்க்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்றே நாம் வேண்டும் எலியாகும். இன்னொரு கால் பங்கு, குறிகள் இருந்தும் கிரீ இல்லாதவை; ஒரே ஈற்றில் பிறந்த அவையே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற துணையாகின்றன.

இடத்தைக் குறிக்க வழி கண்டாயிற்று. காலத்தைக் குறிப்பது எப்படி? 1995-ஆம் ஆண்டில் ராயெவ்ஸ்கியின் குழுவினர், இன்டர்ஃபெரான் என்னும் பொருள் உடலில் பெருகும் பொழுது மட்டும் கிரீ உண்டாகுமாறு செய்தனர். 1996-ஆம் ஆண்டில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பியேர் ஷாம்போன் குழுவினர் இன்னும் நுட்பமான வழி கண்டனர். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் ஒரு பகுதியைக் கிரீயோடு ஒட்டினர். உடலிலுள்ள ஹார்மோனுக்கு இணங்காமல், மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கும் டமாக்ஸிஃபென் என்ற மருந்துக்கு மட்டும் இணங்குமாறு அப்பகுதியை மாற்றியிருந்தனர். மருந்து இல்லாதவரை கிரீ, டி.என்.ஏ. இருக்கும் உட்கருவுக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கும். மருந்து கொடுத்தவுடன் உள்ளே சென்று வெட்டும். எலி வளர்ந்து முதிர்ந்த பின்னர், ஆராய்ச்சியாளர் வேண்டும் வாரத்தில் ஒரு மரபணுவை நீக்க இது வழி செய்தது.

இக்கருவியால் எத்தகைய உண்மைகள் வெளிப்பட்டன என்று இனிக் காண்போம். நினைவாற்றல் என்பது மூளையில் எங்கு, எவ்வாறு நிகழ்கிறது என்பது தொன்றுதொட்டு வரும் வினா. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்திற்கும் நினைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன் முக்கிய மரபணுவை முழுவதும் நீக்கினால் எலிக்குட்டிகள் பிறந்தவுடனேயே இறந்தன. 1996-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோ சியனும் சுசுமு டொனெகாவாவும் மற்றவர்களும், மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், அதிலும் ஒரு சிறு கூறில் மட்டும், குட்டி பிறந்து சில வாரங்கள் சென்ற பின்னர் அம்மரபணுவை நீக்கினர். எலிகள் உண்டன, ஓடின, நலமாக வளர்ந்தன. ஆனால் பால்போல் கலங்கிய நீர்த்தொட்டியில் விட்டு, நீருக்கடியில் மறைந்துள்ள மேடையைத் தேட விட்டபொழுது, மற்ற எலிகள் சில நாட்களில் இடத்தைக் கற்றுக்கொள்ள, இவை அதனைச் செவ்வனே கற்க இயலாமல் தடுமாறின. இடத்தை நினைவில் இருத்தும் ஆற்றலுக்கு, மூளையின் அச்சிறு பகுதியில் அந்த ஒரு புரதம் தேவை என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நம்மவர் இல்லங்களில் நன்கு அறிமுகமான நீரிழிவு நோயைப் பற்றிய ஆராய்ச்சி இதனினும் வியப்பானது. உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடல் பயன்படுத்துவதற்கு இன்சுலின் என்ற ஹார்மோன் உதவுகிறது. ஒவ்வோர் உறுப்பும் தன்னிடமுள்ள ஏற்பி என்னும் புரதத்தின் வாயிலாக இன்சுலினின் செய்தியைப் பெறுகிறது. வயதானோர்க்கு மிகுதியாக வரும் நீரிழிவில், இன்சுலின் இருந்தும் உறுப்புக்கள் அதற்குச் செவி சாய்ப்பதில்லை. இக்குறை எந்த உறுப்பில் தொடங்குகிறது? உணவு உண்ட பின்னர் சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்பது தசை. ஆகவே தசையே முதற்குற்றவாளி என்று பலரும் எண்ணினர். ஏற்பியை உடல் முழுவதும் நீக்கிப் பார்த்ததில், 1996-ஆம் ஆண்டில், குட்டிகள் பிறந்த சில நாட்களில் கடும் நீரிழிவினால் இறந்தன. கேள்வி தீரவில்லை.

பாஸ்டன் நகரில் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்டு கான் குழுவினர், ஏற்பியை ஒவ்வோர் உறுப்பாகத் தனித்தனியே நீக்கிப் பார்த்தனர். 1998-ஆம் ஆண்டில் யென்ஸ் ப்ரூனிங்கும் பிறரும் தசையில் மட்டும் நீக்கினர். யாவரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, இரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே இருந்தது. கொழுப்பு மட்டும் மிகுந்தது. 1999-ஆம் ஆண்டில் ரோஹித் குல்கர்னியும் பிறரும், இன்சுலினைச் சுரக்கும் கணையத்து உயிரணுக்களில் நீக்கினர். இன்சுலினைச் சுரக்கும் உயிரணுவே இன்சுலினின் செய்தியைக் கேளாதபோது, சர்க்கரைக்கு ஏற்பச் சுரக்கும் திறன் குன்றியது. 2000-ஆம் ஆண்டில் ஈரலில் நீக்கிய பொழுது, எலிகள் சர்க்கரையைக் கட்டுப்படுத்த இயலாமல் கடும் தொல்லைக்கு உள்ளாயின. அதே ஆண்டில் மூளையில் நீக்கியபொழுது, உடல் பருமன் ஏற்பட்டது. 2003-ஆம் ஆண்டில் கொழுப்புத் திசுவில் மட்டும் நீக்கிய எலிகளோ, மெலிந்த உடலோடு, சராசரியில் நூற்றுக்கு 18 பங்கு கூடுதலாக வாழ்ந்தன. ஒரே மரபணு! அதனை ஓரிடத்தில் நீக்கினால் நோய். மற்றோரிடத்தில் நீக்கினால் நீடித்த வாழ்வு. நீரிழிவு ஓர் உறுப்பின் குற்றமன்று, பல உறுப்புக்கள் தம்முள் பேசிக்கொள்ளும் உறவில் நேரும் முறிவு என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

புற்றுநோய் ஆராய்ச்சியிலும் இவ்வாறே. மார்பகப் புற்றுநோய்க்கு இடமளிக்கும் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவை முழுவதும் நீக்கினால் கரு பிழைப்பதில்லை. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களில் பால் சுரப்பியில் மட்டும் அதனை நீக்கிய பொழுது, நெடுநாள் கழித்து எலிகளுக்கு அங்கே கட்டிகள் தோன்றின. மனிதர்க்கு வரும் நோயின் போக்கை அதனால் தொடர்ந்து நோக்க முடிந்தது.

கருவி நுண்ணியதாயினும் குறையற்றது அன்று. ஓர் உறுப்பில் மட்டும் இயங்கும் என்று நம்பிய கிரீ, வேறோர் உறுப்பிலும் சிறிது கசிந்து வெட்டிவிடுவது உண்டு. கிரீயே மிகுந்தால் உயிரணுவுக்குத் தீங்கு செய்வதும் உண்டு. கணைய ஆராய்ச்சியில் பரவலாகப் பயன்பட்ட ஒருவகைக் கிரீ எலிகள், எந்த மரபணுவும் நீக்கப்படாத நிலையிலேயே சர்க்கரையைக் கையாள்வதில் குறைபாடு உடையனவாக இருந்ததை 2006-ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் கண்டனர். ஆகவே, நீக்கிய எலியையும் நீக்காத எலியையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது, கிரீ மட்டும் உள்ள எலியையும் அருகே வைத்து ஒப்பிட வேண்டும் என்பது இத்துறையில் நல்லொழுக்கமாயிற்று.

இன்னொரு தடை மனிதர் வகுத்தது. டூபான்ட் நிறுவனம் இம்முறைக்கு 1990-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தது. எலிகளை ஓர் ஆராய்ச்சிக்கூடம் மற்றொன்றுக்கு அளிப்பதற்கும் அந்நிறுவனம் நிபந்தனைகள் விதித்தது. விஞ்ஞானிகள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். நெடிய பேச்சுக்குப் பின்னர், 1998-ஆம் ஆண்டில் தேசியச் சுகாதார நிறுவனங்களுக்கும் டூபான்டுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இலாப நோக்கமற்ற ஆராய்ச்சியாளர்கள் இவ்வெலிகளைத் தம்முள் பகிர்ந்துகொள்ள அது வழி திறந்தது. 1947-ஆம் ஆண்டுத் தீக்குப் பின்னர் ஜாக்ஸன் நிலையத்தை மீட்டதும் இத்தகைய பகிர்வே என்பதை நாம் மேலே கண்டோம்.

இப்பகிர்வு பின்னர் பெரிதும் வளர்ந்தது. எலியின் மரபணுக்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கும் பொருட்டு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஒரு கூட்டுத் திட்டம் வகுத்தன. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, நிபந்தனைக்கு உட்பட்டு நீக்கக்கூடிய குறிகளோடு 9,000 மரபணுக்களுக்கான கருமூல உயிரணுக்கள் அணியமாயின. 2012-ஆம் ஆண்டில் கிரிஸ்ப்பர் என்னும் புதிய வெட்டுக் கருவி வந்தது. 2013-ஆம் ஆண்டில், கருமூல உயிரணுவின் உதவியின்றி, கருவுற்ற முட்டையிலேயே லாக்ஸ் குறிகளை வைக்கும் வழியை ருடால்ஃப் யேனிஷ் குழுவினர் காட்டினர். ஆயினும், இரு குறிகளைத் தனித்தனியே செலுத்தும் அம்முறையை 20 ஆராய்ச்சிக்கூடங்கள் சேர்ந்து சோதித்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டதில், நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே அது பலித்தது. இரு குறிகளையும் ஒரே நீண்ட துண்டில் வைத்துச் செலுத்துவதே மேல் என்று தெரிந்தது. புதியது வந்தமையால் பழைய கிரீயும் லாக்ஸும் ஒழிந்துவிடவில்லை. குறியை வைக்கும் விரல்தான் மாறியிருக்கிறது.

இவ்வளவையும் கூறும் பொழுது, சுண்டெலியின் துன்பத்தைக் கூறாமல் விடுதல் முறையன்று. நாம் மேலே கண்ட கணக்கின்படி, வேண்டிய ஓர் எலிக்கு வேண்டாத இரண்டேனும் பிறக்கின்றன. 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரஸ்ஸலும் பர்ச்சும் இதற்கு மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்று இருப்பின் அதனைக் கொள்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க. நம் நாட்டில், மதுரையிற் பிறந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1953-ஆம் ஆண்டில் மாநிலங்களவையில் விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே அதனை மேற்கொள்ளும் என்று நேரு உறுதி கூறியதன்மேல் அவர் அதனைத் திரும்பப் பெற்றார். 1960-ஆம் ஆண்டில் அச்சட்டம் நிறைவேறியது. அறிவு வளர்ச்சிக்கான பரிசோதனையை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தேவையற்ற வேதனை தரலாகாது என்றும், அதனைக் கண்காணிக்கக் குழு அமைக்கலாம் என்றும் விதித்தது. இந்திய ஆராய்ச்சிக்கூடங்களில் எலிகளைப் பயன்படுத்துவோர் இன்றும் இச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர்களே. இடமும் காலமும் குறித்து நீக்கும் முறை, இவ்வகையிலும் ஓரளவு நன்மை செய்தது எனலாம். உடல் முழுவதும் நோயுற்றுத் துடிக்கும் எலிக்குப் பதிலாக, ஓர் உறுப்பில் மட்டும் மாற்றமுற்று, மற்றபடி நலமாக வாழும் எலியே பல கேள்விகளுக்கு விடை தருகிறது.

இவ்வரலாற்றில் நாம் கண்ட கருவி யாதொரு நோயையும் நேரே தீர்க்கும் மருந்தன்று. மருந்து எங்கே செல்ல வேண்டும் என்று காட்டும் வழிகாட்டி அது. ஒரு மரபணு நல்லதா தீயதா என்று கேட்ட காலம் உண்டு. எந்த உறுப்பில், எந்தப் பருவத்தில், என்ன செய்கிறது என்று கேட்கும் பொறுமையைச் சுண்டெலியும், அற்பமெனத் தோன்றும் ஒரு வைரஸும் விஞ்ஞானிகளுக்குக் கற்பித்தன. இன்னார்க்கு இந்நோய் பரம்பரை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நாமும் நம் சுற்றத்தாரும் மனம் சோர்ந்து பேசுவது உண்டு. கொழுப்பில் ஒன்றும் ஈரலில் வேறொன்றும் செய்யும் இன்சுலின் ஏற்பியின் கதையை அப்பொழுது நினைத்துப் பார்த்தல் நலம். பரம்பரை என்பது ஒரே சொல்லாயினும், அதன் பொருள் இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப வேறுபடும்.